காலித் தோட்டாவை வீட்டில் நிரப்பலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: கான்பூரில் தயாரான .32 (குழல் அளவு, அங்குலத்தில்) ரிவால்வருக்கு உரிமம் வைத்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அத்தான் வீட்டுக் கார் ஷெட்டில் பிரஸ்ஸை, அதாவது தோட்டாவை அழுத்திப் பொருத்தும் கை இயந்திரத்தை, மேசையோடு பூட்டி 9 மி.மீ. தோட்டாக்களைத் தானே நிரப்புகிறார். நீங்களும் சுட்ட பிறகு மிஞ்சும் காலித் தோட்டா உறைகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். வில்லிவாக்கத்தில் மாடி அறையில் அதே வேலையைத் தொடங்க என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, தோட்டா செலவைக் குறைப்பது. இன்னொன்று, கிராமுக்குக் கீழே அளந்து, தன் கையால் தயார் செய்து, அது இலக்கில் எப்படி விழுகிறது என்று பார்க்கும் ஆசை. முதல் கேள்விக்கு நீங்கள் நினைக்கும் வழியில் பதில் இல்லை. இரண்டாவதற்குச் சென்னையிலேயே நல்ல வழி இருக்கிறது.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்களிடம் இருப்பது துப்பாக்கியையும் தோட்டாவையும் வைத்திருப்பதற்கான உரிமம்; அது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. தயாரிப்பது 5ஆம் பிரிவில் வருகிறது. அதற்கு உரிமம் வேறு, முன்னது இருப்பதால் பின்னது கிடைத்ததாக ஆகாது. பலர் கவனிக்காத வரி ஒன்று 2ஆம் பிரிவில் இருக்கிறது. ‘தோட்டா’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே தோட்டாவின் பாகங்களும் தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்கும். அதாவது நீங்கள் ஒரு தோட்டாகூட நிரப்பவில்லை, பிரஸ்ஸும் அதில் மாட்டும் டை என்ற அச்சும் மட்டும்தான் அலமாரியில் இருக்கின்றன என்றாலும், அந்த இரும்புச் சாமானே ‘தோட்டா’ என்ற வகைக்குள் வந்துவிடும். அத்தான் கூரியரில் அனுப்பினால் 10ஆம் பிரிவின்படி அது உரிமம் இல்லாத இறக்குமதி. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத தயாரிப்புக்குத் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். தோட்டாவுக்குள் போடும் வெடிமருந்துக்கு 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008 விதிகளும் தனியாக நிற்கின்றன. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி சொந்த உபயோகத்துக்கு நிரப்ப உரிமம் வேண்டாம், விற்பதற்குத்தான் வேண்டும். அதனால் அங்கே அது மரவேலை, தோட்டவேலை போல ஒரு பொழுதுபோக்கு. இங்கே அப்படி இல்லை.

அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் விஷயம் இவ்வளவு நேர்கோடு அல்ல. மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத சிறு பாகங்களை வைத்திருப்பதற்கு அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. சாவிக்கொத்தில் தொங்கும் ஒரு காலி உறை அந்த விலக்கில் ஒதுங்கலாம். பாட்டில் நிறைய உறை, பக்கத்தில் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பெட்டி, மேசையில் பிரஸ் என்றால் ‘எண்ணம் இல்லை’ என்று சொல்ல வாய் வராது. நடுவில் இருக்கும் நிலைகளை நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு பார்த்துத்தான் முடிவு செய்கின்றன. இது வழக்கறிஞரின் கருத்து அல்ல, துப்பாக்கியோடு பழகியவரின் வாசிப்புதான். சென்னை மாநகரில் உரிமம் தருவது காவல் ஆணையர். சந்தேகம் இருந்தால் வேப்பேரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அதுவரை அந்தப் பாட்டிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மீனம்பாக்கம் பக்கம் போய்விடாதீர்கள். விமான நிலையப் பரிசோதனையில் ஒற்றைத் தோட்டாவுக்கே வழக்கு எழுதியிருக்கிறார்கள்.

சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் அந்த வேலை வீடியோவில் தெரிவது போல எளிதல்ல. சுட்ட உறை விரிந்திருக்கும். அதைப் பழைய அளவுக்கு அழுத்த வேண்டும், பழைய பிரைமரைத் தள்ளிப் புதியதைப் பொருத்த வேண்டும், மருந்தை அளந்து போட்டுக் குண்டைச் சரியான ஆழத்தில் உட்கார வைக்க வேண்டும். பிரைமர் என்பது தீபாவளிச் சுருள் கேப்பின் பெரியண்ணன். தட்டினால் வெடிப்பதுதான் அதன் தொழில். மருந்தை அளப்பது கிரெயின் கணக்கில், ஒரு கிரெயின் 0.0648 கிராம். கைத்துப்பாக்கி மருந்து வேகமாக எரியும் வகை என்பதால் பல சமயம் உறையில் பாதிகூட நிறையாது. ஆபத்து அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது. கவனம் தப்பி இரண்டு முறை போட்டாலும் வெளியே வழியாது, கண்ணுக்கும் தெரியாது. சுடும்போது ரிவால்வரின் உருளை பிளக்கலாம். போடவே மறந்தால் பிரைமரின் உந்துதல் மட்டும் குண்டைக் குழலுக்குள் பாதி வழி தள்ளி அங்கேயே நிறுத்திவிடும். ‘டப்’ என்ற சத்தம் மட்டும் கேட்கும். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது கிழியும். குண்டு அரை மில்லிமீட்டர் ஆழமாக உட்கார்ந்தாலே சிறிய உறைகளில் அழுத்தம் எகிறும். அத்தான் போன்றவர்கள் இதையெல்லாம் அச்சிட்ட அட்டவணை, லாட் எண் (ஒரே தொகுப்பில் தயாரானதைக் குறிக்கும் எண்) பார்த்து வாங்கிய மருந்து, ஒவ்வொரு உறைக்குள்ளும் விளக்கடித்துப் பார்க்கும் பழக்கம் ஆகியவற்றால் சமாளிக்கிறார்கள். இங்கே அந்த மருந்தும் கிடைக்காது, அதன் அட்டவணையும் பயன்படாது. பெயர் தெரியாத மருந்தை ‘ஏறக்குறைய’ என்று அளப்பது விரலைப் பந்தயம் வைப்பது.

செலவு பற்றி ஒன்றே ஒன்று. பயிற்சிக்காகச் சுடுவதென்றால் .32 அதற்கான கருவியே அல்ல. எழும்பூரில் இருக்கும் சென்னை ரைஃபிள் கிளப் போன்ற ஒரு சங்கத்தில் உறுப்பினராகி, அதைவிடச் சிறிய .22 தோட்டாவில் பழகுங்கள். நடிகர் அஜித்குமார் 2021 மாநிலப் போட்டியில் கலந்துகொண்டபோது பலருக்கு அந்த கிளப்பின் பெயரே முதல்முறையாகத் தெரிந்தது. .22 உறையைத் திரும்ப நிரப்பலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதில் வெடிக்கும் கலவை உறையின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கிறது, தனிப் பிரைமர் கிடையாது. ஊசி அடித்து நசுங்கிய விளிம்போடு அதன் ஆயுள் முடிந்தது.

இனி இரண்டாவது கேள்வி. அதற்கு வழி 10 மீட்டர் ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி. பாரிஸ் 2024இல் மனு பாக்கர் வெண்கலம் வாங்கிய அதே பிரிவு. 2016 ஆயுத விதிகளின்படி குழலின் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேலோ, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ இருந்தால்தான் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். போட்டி ஏர் பிஸ்டல் 4.5 மி.மீ.; 0.49 கிராம் பெல்லட் (அதில் போடும் சிறு ஈயக் குண்டு) நொடிக்கு 150 மீட்டரில் போனால் ஆற்றல் சுமார் 5.5 ஜூல். எல்லையில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. ஆனால் ஆன்லைனில் கண்ணில் படும் 5.5 மி.மீ. ரைஃபிள்கள் அந்த வரம்பைத் தாண்டியவை. ஸ்பிரிங்கை மாற்றி ‘பவர்’ ஏற்றித் தருகிறேன் என்பவரிடமும் போகாதீர்கள். முறையான கடையில் அடையாளச் சான்றின் நகல் கேட்பார்கள். கேட்காத கடை என்றால் சந்தேகப்பட வேண்டும். பில்லைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே வையுங்கள். புறா, காக்கா, குரங்கு, தெருநாய் எதன் மீதும் திருப்பக் கூடாது; 1972 வனவிலங்குச் சட்டமும் 1960 மிருகவதைத் தடைச் சட்டமும் ‘ஏர் கன்தானே’ என்று விட்டுவிடுவதில்லை.

தோட்டா நிரப்புபவரின் கை அரிப்பு இங்கே பெல்லட்டில் தீரும். போட்டிக்கு வேண்டியது தட்டைத் தலைப் பெல்லட். காகிதத்தில் வட்டமாகச் சுத்தமான துளை போடும், மதிப்பெண் பார்க்க எளிது. ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டும் இங்கே பரவலாகப் புழங்குபவை. பிஸ்டலுக்கு 0.45 அல்லது 0.49 கிராம், ரைஃபிளுக்கு 0.53 கிராம் அளவில் வாங்குவார்கள். டப்பாவில் தலையின் விட்டம் 4.49, 4.50 என்று போட்டிருக்கும். பின்பக்க ஸ்டிக்கரில் லாட் எண் இருக்கும், அதுதான் முக்கியம். ஒரு லாட் உங்கள் குழலுக்கு ஒத்துப்போனால் அதே லாட்டில் நாலைந்து டப்பாவைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். அடுத்த லாட் அதே பெயரில் வந்தாலும் வேறு பெல்லட் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பது எப்படி? பிஸ்டலைக் கையில் பிடித்துச் சோதிக்க முடியாது, உங்கள் கை நடுக்கம் பெல்லட்டின் குறையை மூடிவிடும். மேசையில் திடமாகப் பூட்டிய கிளாம்பில் ரப்பர் வைத்துப் பிடித்து, 10 மீட்டரில் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். துளைக் கூட்டத்தின் வெளி விளிம்பு முதல் வெளி விளிம்பு வரை வெர்னியரில் அளந்து 4.5ஐக் கழித்தால் மையத்துக்கு மையம் தூரம் வரும். பெல்லட்டும் குழலும் ஒத்துப்போனால் அது ஓரிரண்டு மில்லிமீட்டருக்குள் நிற்கும். எல்லோரும் செய்யும் தவறு, ஐந்து குண்டில் ஒரு தாளைப் பார்த்து லாட்டைத் தேர்ந்தெடுப்பது. ஐந்து குண்டு என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். ஒரு லாட்டுக்குப் பத்துத் தாளாவது சுட்டு, சராசரியை ஒப்பிடுங்கள். இரண்டு லாட்டுக்கும் இடையே வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் விலை குறைந்ததை வாங்குங்கள்.

எடை போட்டுப் பிரிக்கலாமா? செய்யலாம், பலன் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் 10 மீட்டரைக் கடக்க சுமார் 0.07 நொடி. அதற்குள் பெல்லட் 2.2 செ.மீ. இறங்கும். எடையில் 0.005 கிராம், அதாவது 1 சதவீதம் வித்தியாசம் இருந்தால் வேகம் சுமார் அரை சதவீதம் மாறும்; இறக்கம் 0.2 மி.மீ. மாறும். இலக்கில் பத்தாம் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் ஆரத்தில் 8 மி.மீ., தசம மதிப்பெண்ணில் ஒரு புள்ளிக்கு (0.1) 0.8 மி.மீ. ஆக, ஒரு மாலை முழுக்க எடை போட்டுப் பிரித்ததன் லாபம் தசமத்தில் ஒரு புள்ளியின் கால்வாசி. பத்துக் குண்டுக்கு எண்பதுகளில் மதிப்பெண் எடுப்பவருக்கு இது எதையும் மாற்றாது. அப்படியும் ஆசை விடவில்லை என்றால் 0.01 கிராம் காட்டும் தராசை வாங்காதீர்கள், அதன் ஒரு படியே பெல்லட் எடையில் 2 சதவீதம். 0.001 கிராம் காட்டுவது வேண்டும். சவுகார்பேட்டையில் நகைத் தொழிலாளர்களுக்குக் கருவி விற்கும் கடைகளில் பாருங்கள்; சோதனை எடைக்கல்லோடு சேர்த்து வாங்குங்கள். தராசை ஆன் செய்து கால் மணி நேரம் ஆன பிறகு எடை பாருங்கள், முக்கியமாக மின்விசிறியை நிறுத்துங்கள். சென்னைக்காரர் மின்விசிறியை நிறுத்தி எத்தனை பெல்லட் எடை பார்ப்பார் என்பது வேறு விஷயம்.

எடையைவிடக் கண்ணால் பிரிப்பது அதிகப் பலன் தரும் என்பது என் கருத்து. டப்பாவை வெள்ளைத் துணியில் கொட்டி, பெல்லட்டின் அகன்ற பின்பக்கமான ‘பாவாடை’ ஓரம் நசுங்கியவற்றை எடுத்துவிடுங்கள். ஓரம் நசுங்கினால் காற்று ஒரு பக்கம் முன்னதாகக் கசிந்து, வெளியேறும் நொடியில் பெல்லட்டைச் சாய்த்துவிடும். சந்தேகமானதைக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். நல்லது சீரான வளைவில் உருளும், கெட்டது தள்ளாடும். தபாலில் குலுங்கி வந்த டப்பாவில் இது அதிகம். டப்பாவைத் திறந்தபடி வைக்காதீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் காற்றில் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அந்தப் பொடி குழலையும் கெடுக்கும், உங்கள் விரலிலும் ஒட்டும்.

பிஸ்டலின் காற்றுச் சிலிண்டர்தான் இந்தக் கூட்டத்தில் மரியாதை கேட்கும் உறுப்பு. பெரும்பாலானவை 200 பார் அழுத்தத்துக்கு. ஒரு நிரப்பலில் சுமார் 150 முதல் 200 குண்டு. மானி 70 பார் பக்கம் வரும்போது நிறுத்தி நிரப்புங்கள். அதற்குக் கீழே, அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்கு வேண்டிய அழுத்தம் கிடைக்காமல் வேகம் சரியும், குண்டுகள் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். நீங்கள் குறிபார்க்கும் சைட்டைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். கைப் பம்பு மலிவு, ஆனால் சென்னையின் ஈரக் காற்றை அப்படியே அழுத்தி உள்ளே தள்ளும். தண்ணீர் சிலிண்டருக்குள் நின்று துருவாகும். வடிகட்டி உள்ள பம்பு என்றால் இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு, ஈரத்தை வடித்துவிட்டுத் தொடருங்கள். கடலில் முக்குளிப்பவர்கள் பயன்படுத்தும் உலர்ந்த காற்றுச் சிலிண்டரிலிருந்து நிரப்புவது மேல். வால்வை மெதுவாக, ஒன்றிரண்டு நிமிடம் எடுத்துத் திறங்கள். வேகமாக நிரப்பினால் சூடேறி 200 காட்டும், ஆறியதும் இறங்கிவிடும். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் துளி எண்ணெயைக்கூடத் தீப்பிடிக்க வைக்கும். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குச் சிலிகோன் கிரீஸ் மட்டும். வெயிலில் பூட்டிய காருக்குள் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் 200 பார் சுமார் 220 பார் ஆகும், அதனால் காரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். சிலிண்டரின் மேல் காலாவதித் தேதி பொறித்திருக்கும். பழைய பிஸ்டல் வாங்கும்போது எல்லோரும் டிரிகரைத் தட்டிப் பார்க்கிறார்கள், இந்தத் தேதியைப் பார்ப்பதில்லை. தேதி கடந்த சிலிண்டரைப் போட்டியிலும் அனுமதிக்க மாட்டார்கள், வீட்டிலும் நிரப்பக் கூடாது. போட்டி விதிகளில் இன்னும் இரண்டு எண்கள்: டிரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது, பிஸ்டல் மொத்த எடை 1500 கிராமுக்கு மிகக் கூடாது.

வீட்டில் 10 மீட்டர் கிடைப்பது அரிது. வரவேற்பறையிலிருந்து சமையலறைத் தாழ்வாரம் வரை ஏழு மீட்டர் கிடைத்தால், இலக்கைச் சிறிதாக்குங்கள். உண்மையான கறுப்பு வட்டம் 59.5 மி.மீ.; ஏழு மீட்டருக்கு அதன் பத்தில் ஏழு பங்கு, சுமார் 41.7 மி.மீ. உயரத்தையும் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். விதிப்படி மையம் தரையிலிருந்து 140 செ.மீ. உங்கள் கண் 160 செ.மீ. உயரத்தில் என்றால், பார்வைக் கோடு ஏழு மீட்டரில் 146 செ.மீ.யில் கடக்கும், அங்கே மாட்டுங்கள். இல்லாவிட்டால் கை ஒரு கோணத்தில் பழகிவிட்டுக் கிளப்பில் வேறு கோணத்தில் திணறும். வெளிச்சம் தாளின் மேல் 1500 லக்ஸ் வேண்டும்; சுடும் இடம் சற்று மங்கலாக இருக்கட்டும். தாளுக்குப் பின்னால் 3 மி.மீ. இரும்புத் தகடு, கீழ்நோக்கி 45 டிகிரி சாய்வில், பெட்டிக்குள். நேராக நிறுத்திய தகட்டிலிருந்து ஈயத் துணுக்குகள் திரும்பி வரும், சாய்வு அவற்றைக் கீழே தள்ளும். பெட்டியைச் சுற்றி நாலடிக்கு நாலடி 18 மி.மீ. பிளைவுட். இடையில் திறக்கும் கதவு எதுவாயினும் உள்தாழ்ப்பாள். கண்ணுக்குக் கண்ணாடி. மொட்டை மாடியில் சுடாதீர்கள், கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் அது யார் வீட்டு ஜன்னல் என்று உங்களால் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘டொக், டொக்’ சத்தத்துக்கு யாராவது 100க்கு அழைத்துவிட்டால் அன்றைய பொழுது விளக்கம் சொல்வதிலேயே போகும்.

பெல்லட்டே இல்லாமல் வெற்றுச் சுவரைப் பார்த்து டிரிகரை மட்டும் பழகுவதைக் குறைவாக நினைக்காதீர்கள். டிரிகர் விடும் கணத்தில் முன்சைட் அசைகிறதா என்பது வெள்ளைச் சுவரில்தான் தெரியும். கறுப்பு வட்டம் இருந்தால் கண் அதைத் தேடிப் போய்விடும். வாரத்தில் நாலு நாள் இப்படி, இரண்டு நாள் குண்டு போட்டு. எடை போடும் நேரத்தை இதில் செலவழித்தால் மதிப்பெண் கூடும் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

துப்பாக்கியைப் பஞ்சு வைத்த பெட்டியிலேயே நிரந்தரமாக வைக்காதீர்கள், பஞ்சு ஈரத்தை உறிஞ்சி இரும்போடு அணைத்து வைத்திருக்கும். சிலிக்கா ஜெல் பையோடு பூட்டிய இரும்பு அலமாரி, சாவி உங்களிடம். சுட்டு முடித்ததும் வெளிப்புற இரும்பை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். 500 பெல்லட்டுக்கு ஒருமுறை குழலுக்குள் பின்பக்கத்திலிருந்து சுத்தம் செய்யும் ஃபெல்ட்டை (கெட்டிக் கம்பளித் துண்டு) செலுத்தினால் போதும்.

கடைசியாக ஈயம். ஒரு டப்பா 500 பெல்லட், கிட்டத்தட்ட 245 கிராம் ஈயம், எல்லாம் அந்தப் பெட்டிக்குள் நசுங்கிக் கிடக்கும். பெட்டியைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி எழும்பி மூச்சில் போகும். ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைத் தனியாகக் கட்டிப் போடுங்கள். சுடும் அறையில் டீ, முறுக்கு எதுவும் வேண்டாம். முடித்ததும் சோப்பால் கை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். சேர்ந்த ஈயத்தை மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில் போடாமல், மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைத்துப் பழைய பேட்டரி எடுப்பவரிடம் கொடுங்கள். ஈயத்துக்கு எடை விலை உண்டு.